குண்டூசியின் கடைவாய்ப் பல்

அந்தத் தையல் கடைக்கு வருகிற பாதிப் பேருக்கு அவளுடைய பெயர் தெரியாது. குண்டூசி என்றால் எல்லோருக்கும் தெரியும். "குண்டூசி இருக்காங்களா? அவங்க கை பட்டாத்தான் எனக்கு இடுப்பு சரியா உக்காரும்" என்று கேட்டுக்கொண்டேதான் படியேறுவார்கள். காரணம் வேறொன்றுமில்லை. காலையில் கடை திறந்ததும் ஒரு கொத்துக் குண்டூசியை எடுத்து உதடுகளுக்கு நடுவே வரிசையாகச் செருகிக்கொண்டாளென்றால், சாயங்காலம் விளக்கணைக்கிறவரை அவை அங்கேதான் இருக்கும். ஒன்றை உருவித் துணியில் குத்துவாள், இன்னொன்றைத் துணியிலிருந்து பிடுங்கி உதட்டில் வைப்பாள். மணிக்கட்டில் ஒரு ஊசிமெத்தை கட்டிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டால், மெத்தையைத் திரும்பிப் பார்க்கிற நேரத்தில் பிடித்த மடிப்பு நழுவிவிடும் என்பாள். என்பாள் என்றா சொன்னேன்? தலையைத்தான் ஆட்டுவாள். வாயில்தான் ஊசி இருக்கிறதே!

வாய் திறக்காத தங்கை ஒருத்தி வாய்த்துவிட்டால் ஒரு அக்காவுக்கு வேறென்ன வேண்டும்? கடை அக்காவுடையது. முன்னறையில் கண்ணாடி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சிரிப்பது, தேதி சொல்வது, சொன்ன தேதியைத் தள்ளிப்போடுவது, தள்ளிப்போட்டதற்கு மறுபடி சிரிப்பது எல்லாம் அக்கா. உள்ளறையில் வெட்டுவது, தைப்பது, பிரிப்பது, பிரித்ததைத் திரும்பத் தைப்பது எல்லாம் தங்கை. "வெள்ளிக்கிழமை குடுத்துடலாம் இல்லடி?" என்று முன்னறையிலிருந்து குரல் வரும். உள்ளேயிருந்து "ம்" என்று பதில் போகும். "ஞாயித்துக்கிழமை ஒரு ரெண்டு மணி நேரம் வந்துட்டுப் போயேன்?" அதற்கும் "ம்." இப்படி ம் போட்டு ம் போட்டே அவளுக்கு நாற்பத்தெட்டு வயது ஓடிவிட்டது.

பல் வலி வந்தபோதும் இதே கதைதான். கீழ்வரிசையில் வலதுபக்கக் கடைவாய்ப் பல். முதலில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்றது. பிறகு சூடு பட்டாலும் சுரீர். அப்புறம் எதுவும் படாமலே, தையல் மிஷின் சத்தத்துக்கே தெறிக்க ஆரம்பித்தது. அக்காவிடம் சொன்னாள். "இந்தக் கல்யாண சீசன் முடியட்டும்டி. பல்லு எங்க ஓடிப்போகப் போகுது?" என்றாள் அக்கா. கல்யாண சீசன் முடிந்தது, பள்ளிக்கூடச் சீருடை சீசன் வந்தது. அதுவும் முடிந்தது, மறுபடி கல்யாணம் வந்துவிட்டது. ஊரில் ஜனங்கள் கல்யாணம் பண்ணிக்கொள்வதை நிறுத்துவதாகத் தெரியவில்லை. இவள் வலி மாத்திரையை முழுங்கிக்கொண்டு ஊசியை உதட்டில் செருகிக்கொண்டாள்.

அவளுடைய வீட்டுக்காரர் லிப்ட் பழுதுபார்ப்பவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் சுருக்கென்று பேசுவார். "உங்க அக்காவுக்குப் பல்லு வலின்னா இந்நேரம் ஊரையே கூட்டியிருப்பாங்க" என்றார். "உனக்கு வலின்னா சீசன் பாத்துத்தான் வலிக்கணுமா?"

கடைசியில் ஒருநாள் கன்னம் பன்னு மாதிரி வீங்கிவிட்டது. ட்ரையல் ரூமில் நின்ற ஒரு வாடிக்கைக்காரி கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு "ஐயோ, என்னங்க இது!" என்று அலறினாள். அக்காவுக்கு அப்போதுதான் தங்கைக்குப் பல் இருக்கிறது என்பதே உறைத்தது. பல் டாக்டர் சின்ன வயதுப் பெண், கறாரானவள். வீக்கம் வடிய மாத்திரை கொடுத்து, வடிந்தபின் ரூட் கெனால் செய்துவிடலாம் என்று ஒரு நாள் சொல்லியனுப்பினாள். அந்த நாள் காலையில் அக்காவே, "போயிட்டு வாடி. இன்னிக்கு முழுக்க லீவு எடுத்துக்கோ. கடைய நான் பாத்துக்கறேன்" என்றாள். தங்கைக்கு நெஞ்சே நெகிழ்ந்துவிட்டது. இப்படிக் கால்காசு பெறாத ஒரு நல்ல வார்த்தைக்கு உருகுகிற மனசு இருக்கிறதே, அதற்குத்தான் முதலில் வைத்தியம் பார்த்திருக்க வேண்டும்.

டாக்டர் ஊசி போட்டாள். சற்று நேரத்தில் வலதுபக்க நாக்கு, உதடு, தாடை எல்லாம் தன்னுடையது இல்லை என்றாகிவிட்டது. பிறகு துளைத்தாள், மெல்லிய கம்பிகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டுச் சுரண்டினாள், எக்ஸ்ரே எடுத்தாள், மறுபடி சுரண்டினாள், அடைத்தாள். "நரம்பெல்லாம் எடுத்தாச்சு" என்றாள். "உதடு மரத்துத்தான் இருக்கும், சாயங்காலம் ஆகும் சரியாக. அதுவரைக்கும் எதையும் வாயில வைக்காதீங்க. உதட்டக் கடிச்சிக்கிட்டாக்கூட உங்களுக்குத் தெரியாது. மரப்பு போனப்புறம் நல்லா வலிக்கும், பயப்படாதீங்க. நேரா வீட்டுக்குப் போய்ப் படுங்க."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றாள். வீட்டுக்குப் போகிற பஸ் வந்து நின்றபோது போன் அடித்தது. அக்கா.

"எங்கடி இருக்க? முடிஞ்சிடுச்சா? அந்த வெள்ளை கவுன் பொண்ணு அம்மாவோட வந்து உக்காந்திருக்கா. நாளைக்கு வாங்கன்னா கேக்க மாட்டேங்கறாங்க. கீழ் மடிப்பு மட்டும் பாத்துக் குடுத்துட்டு ஓடிடு. அரை மணி நேரம்டி. உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?"

உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள். இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே அக்கா இத்தனை வருஷம் கடை நடத்திவிட்டாள். தங்கை "ம்" என்றாள். வீட்டு பஸ் போயிற்று. அவள் சாலையைத் தாண்டி எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏறினாள்.

மணப்பெண் கண்ணாடி முன்னால் ஒரு முக்காலியின்மேல் நின்றிருந்தாள். தரையைத் தொடுகிற வெள்ளை சாட்டின் கவுன், முன்பாகம் ஒரே துண்டு. பெண்ணின் அம்மா நாற்காலியில். அக்கா பக்கத்தில் நின்று தலைத் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். குண்டூசி முழங்காலிட்டு உட்கார்ந்தாள், டப்பாவில் கைவிட்டாள், கொத்தாக எடுத்தாள், உதட்டில் செருகிக்கொண்டாள். யோசித்துச் செய்கிற காரியமா அது? கை பாட்டுக்குச் செய்தது. அக்கா பார்த்துக்கொண்டுதான் நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை.

இடதுபக்க உதட்டுக்கு ஊசி தெரிந்தது. வலதுபக்கத்துக்குத் தெரியவில்லை. எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்பதே தெரியாமல் அழுத்திக்கொண்டிருந்தாள். மடிப்பைச் சுற்றி வந்தாகிவிட்டது. இன்னும் ஒரு சாண்தான் பாக்கி. குனிந்தவள் முகத்தின்கீழே சாட்டினில் ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது. இது எங்கிருந்து வந்தது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று விழுந்தது. எச்சிலோடு கலந்து மூன்றாவது கோடாகவே இறங்கியது.

"ஐயையோ, ரத்தம்!" என்று பெண்ணின் அம்மா எழுந்துவிட்டாள். மணப்பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இரண்டு ஊசிகள் கீழுதட்டின் உட்புறத்தில் ஏறி நின்றிருந்தன. அவளுக்கு ஒரு எறும்பு கடித்ததுபோலக்கூட இல்லை. கண்ணாடியில் பார்த்துத்தான் பிடுங்கினாள்.

அப்போதுதான் அக்கா பேசினாள். "காலையிலயே லீவு குடுத்து அனுப்பினேங்க! வீட்டுல போய்ப் படுடி, படுடின்னு எத்தன தடவ சொல்றது? கேக்காம வந்து நிக்கிறா. வேலைன்னா இவளுக்குப் பைத்தியம். நான் என்னதான் பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க?"

நாக்கில் நரம்பில்லாமல் பேசுவது என்று சொல்வார்களே, அதை அன்றைக்குத்தான் அவள் நேரில் பார்த்தாள். நீதானே கூப்பிட்டாய் என்று சொல்ல வாயைத் திறந்தாள். பாதி நாக்கு கட்டைபோலக் கிடந்தது. ரத்தமும் குழறலுமாக ஏதோ வந்தது, வார்த்தை வரவில்லை. பெண்ணின் அம்மா அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். நல்ல மனுஷிதான். "பேசாதீங்கம்மா, பேசாதீங்க" என்றாள். "அக்கா இவ்ளோ தூரம் சொல்லியிருக்காங்க, கேட்டிருக்கலாம் இல்ல?"

தையல்காரிகளுக்குள் ஒரு கை வைத்தியம் உண்டு. விரலில் ஊசி குத்தித் துணியில் தன் ரத்தம் பட்டுவிட்டால், தன் எச்சிலையே தொட்டுத் தேய்த்தால் கறை போய்விடும். இங்கே எச்சிலே ரத்தமாக இருந்தது. முன்துண்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

சாயங்காலம் மரப்பு இறங்கியது. வலி வந்தது. ஐயோ, அது பழைய வலி இல்லை. பழையது சுரீர் என்று வந்து போகும். இது தாடைக்குள் யாரோ குடியேறி உட்கார்ந்து சுத்தியல் தட்டுகிற வலி. ஊசி போட்ட இடம் இறுகி வாய் இரண்டு விரல் அகலத்துக்குமேல் திறக்க மறுத்தது. குத்துப்பட்ட உதடு தடித்துத் தொங்கியது. அந்த ஒரு பல் மட்டும் மற்ற எல்லாப் பல்லையும்விட உயரமாக வளர்ந்துவிட்டதுபோல, வாயை மூடினாலே அதுதான் முதலில் இடித்தது. இடித்த மாத்திரத்தில் கண்ணில் பூச்சி பறந்தது.

"நரம்பையே உருவிட்டாங்கன்ன, அப்புறம் எது வலிக்குது?" என்று வீட்டுக்காரர் கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், பாவம்.

"போய் டாக்டரக் கேளுங்க" என்று அவள் சீறினாள். பிறகு அவர் ஆறவைத்துக் கொண்டுவந்த சூப்பைக் கரண்டியால் ஓரமாக உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "இத்தனை வருஷமா பொய்தான் சொல்றாங்க, இன்னிக்குத்தான் உனக்குக் குத்துச்சு" என்றார்.

போன் வந்தது. பல் எப்படி இருக்கிறது என்று அக்கா கேட்பாள் என்று எடுத்தாள். "அந்த முன்துண்டுக்குத் துணி போதுமாடி? நாளான்னிக்கு வந்து மாத்திடுவ இல்ல?" என்றாள் அக்கா.

இரண்டு நாள் கழித்துக் கடைக்குப் போனாள். உதட்டில் ஊசி வைக்க வழியில்லை, அதனால் வீட்டுக்காரர் தன் கருவிப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த ஒரு காந்தத் துண்டை மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். ஊசியெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு நின்றது. வாய் காலியாக இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் அவளைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். "அக்கா லீவு குடுத்தும் வந்தீங்களாமே?" "அவங்க அழுதுட்டாங்களாமே உங்களப் பாத்து?" துணி தேய்க்கிற கடைக்காரர்கூட, "உடம்ப விடவா வேலை பெரிசு? பெரியவங்க சொன்னா கேக்கணும்மா" என்று புத்தி சொன்னார். நாற்பத்தெட்டு வயதில்! பொய் ஒன்று கால் முளைத்துத் தெருவெல்லாம் நடந்துகொண்டிருந்தது, இவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டும் இருந்தது. பல் வலியை மாத்திரை போட்டு அடக்கிவிடலாம். செய்யாத தப்பைச் செய்ததாக ஊரே ஆறுதல் சொன்னால் அதற்கு என்ன மாத்திரை போடுவது?

அவளுக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். அக்கா ஒரே ஒரு தடவை, யார் முன்னாலாவது, "நான்தான் கூப்பிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டால் இந்த வலியோடேயே இன்னும் இருபது வருஷம் தைத்துக் கொட்டத் தயாராக இருந்தாள்.

மத்தியானம் கடையில் யாரும் இல்லாதபோது கேட்டாள். "அக்கா, நீதானே என்னைக் கூப்பிட்ட?"

"ஆமா, அதுக்கென்ன இப்ப? கஸ்டமர் முன்னாடி ஏதோ சொல்லிச் சமாளிச்சேன். கடை பேரு கெட்டா உனக்கும்தானே நஷ்டம்? இதப்போய்ப் பெரிசு பண்ணிக்கிட்டு" என்று சொல்லிவிட்டு அக்கா கண்ணாடி மேசையைத் துடைக்கப் போய்விட்டாள். அந்த மணப்பெண்ணும் அம்மாவும் வரும்போது அவர்களிடம் சொல்லிவிடேன் என்று கேட்கத் தங்கைக்கு வாய் வரவில்லை. அவசரம், பதற்றம், ஏதோ வாய்தவறி வந்துவிட்டது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். கூடப் பிறந்தவள் அல்லவா.

பல் அடங்குகிற வழியாக இல்லை. திரும்ப டாக்டரிடம் போனாள். டாக்டர் ஒரு நீலக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லிப் பார்த்தாள். "அடைச்சது ஒரு மயிரிழை ஒசந்திருக்கு. வாய் மரத்திருந்ததால அன்னிக்கு உங்களாலயும் சொல்ல முடியல, நானும் கவனிக்கல. என் மேலதான் தப்பு, மன்னிச்சுக்கோங்க" என்றாள். லேசாக ராவிவிட்டாள். வாயை மூடியதும் பல்லெல்லாம் ஒருசேர உட்கார்ந்தன. அப்பாடா என்று இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்ற வார்த்தையை இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியுமா என்று அவள் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் உதட்டைக் கவனித்தாள். "இது என்ன காயம்?"

சொன்னாள்.

டாக்டரின் முகம் மாறியது. "உங்க அக்கா அன்னிக்கு இங்க போன் பண்ணாங்களே. நீங்க எக்ஸ்ரேக்கு உள்ள இருந்தப்போ. மத்தியானம் வந்து ஊசி வேலை செய்யலாமா, அவ ஊசிய வாயிலதான் வச்சுக்குவான்னு அவங்களேதான் கேட்டாங்க. கூடவே கூடாது, ஒதட்டுல ஏறினாலும் தெரியாது, ஒருநாள் விட்டுடுங்கன்னு நான் சொன்னேனே. உங்ககிட்ட சொல்லலியா?"

வாய்தவறி வந்த பொய் இல்லை. அவசரமும் இல்லை. என்ன நடக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன்பிறகு அக்கா கூப்பிட்டிருக்கிறாள். தெரிந்துதான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவுனைக் கடைசியாகப் போட்டுப் பார்க்க மணப்பெண்ணும் அம்மாவும் வந்தார்கள். புது முன்துண்டு கச்சிதமாக விழுந்திருந்தது. ஒரு சுருக்கம் கிடையாது. அம்மாக்காரி குனிந்து தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "கையில வித்தை இருக்கு உங்களுக்கு. ஆனா இனிமேலாவது அக்கா பேச்சக் கேளுங்க" என்று செல்லமாகக் கடிந்துகொண்டாள். அக்கா சிரித்தாள்.

"அக்கா" என்றாள் தங்கை. "அன்னிக்கு என்னை யாரு வரச்சொன்னதுன்னு இவங்ககிட்ட நீயே சொல்லு."

"என்னடி இது? நல்ல நேரத்துல."

"டாக்டர் உன்கிட்ட என்ன சொன்னாங்கன்னும் சொல்லு. ஊசி ஒதட்டுல ஏறினாலும் எனக்குத் தெரியாதுன்னு சொன்னாங்களா இல்லையா?"

அக்காவின் சிரிப்பு நின்றது. ஒரு கணம்தான். அந்தக் கணத்தில் அவள் முகத்தில் எல்லாம் இருந்தது, பார்க்கத் தெரிந்தவர்கள் பார்த்திருக்கலாம். பிறகு கண்ணீர் பொங்கியது. "கூடப் பொறந்தவன்னு தலையில தூக்கி வச்சுக்கிட்டேனே! வெளியாளுங்க முன்னாடி என்னை இப்படிக் கூண்டுல ஏத்தறாளே!" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அம்மாக்காரி ஓடிப்போய் அக்காவை அணைத்துக்கொண்டாள். மணப்பெண் கண்ணாடியைப் பார்த்து நின்றுகொண்டு, போட்டிருப்பதைக் கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தாள். தங்கைதான் அவளுக்குப் பின்பக்கக் கொக்கிகளை அவிழ்த்துவிட்டாள், கவுனை மடித்துப் பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்தாள்.

அவர்கள் போனதும் அக்காவின் கண்ணீரும் போயிற்று. "சரி, கூப்பிட்டேன்" என்றாள். "டாக்டரும் சொன்னா. இப்ப என்னங்கற? வரமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன ஆள் வச்சா தூக்கிட்டு வந்திருப்பேன்? நீ ஏன்டி வந்த?"

இத்தனை பொய்க்கு நடுவில் அக்கா கேட்ட அந்த ஒரு கேள்வி நியாயமானதாகப் போய்விட்டதே, அதுதான் அவளைச் சுட்டது. கேட்க நினைத்த வார்த்தை கடைசியில் கிடைத்துவிட்டது, ஆனால் கேட்க ஒரு ஆள் இல்லாத அறையில் கிடைத்தது. அவள் தன் கத்தரியை எடுத்துப் பையில் போட்டாள். மிஷினுக்கு உறை போட்டாள்.

"வந்தது என் தப்புதான்" என்றாள். "இனிமே வரல."

அக்கா நம்பவில்லை. "போ, போ, நாளைக்குக் காலையில தானா வருவ" என்றாள். மறுநாள் அவள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை.

இப்போது அவள் ஒரு ரெடிமேட் கடையில், மாடிப்படிக்குக் கீழே, பேன்ட் நீளம் குறைக்கிறாள். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் கிடையாது, கூப்பிடவும் ஆள் கிடையாது. வெட்டு வேலை இல்லை, கவுன் இல்லை, கண்ணாடி முன்னால் நின்று பூரிக்கிற முகங்கள் இல்லை. கால் நீளம், கால் நீளம், மறுபடியும் கால் நீளம். கை மறந்துவிடுமோ என்று சில நாள் பயமாக இருக்கிறது. அதை வீட்டுக்காரரிடம்கூடச் சொல்வதில்லை. பல்லுக்குமேல் கேப் என்கிற உறை போட்டாயிற்று. உதட்டில் தழும்புகூட நிற்கவில்லை. எதையும் எந்தப் பக்கத்திலும் கடித்துத் தின்கிறாள்.

ஒருநாள் வேலைவிட்டு பஸ்ஸுக்கு நின்றபோது அந்த மணப்பெண்ணின் அம்மா எதிரே வந்தாள். பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படி இருக்கீங்க? பல்லு தேவலையா? கடைக்குப் போயிருந்தேன். அக்கா சொன்னாங்க, தங்கச்சிக்கு இன்னும் வலி தீரல, நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு வாடின்னு நான்தான் லீவு குடுத்திருக்கேன்னு. இந்தக் காலத்துல இப்படி ஒரு அக்கா யாருக்குங்க கெடைப்பாங்க?"

"நான் லீவுல இல்லைங்க. வேலைய விட்டுட்டேன்" என்றாள் அவள். "அன்னிக்கு நீங்களும்தானே இருந்தீங்க? நான் கேட்டதெல்லாம் உங்க காதுல விழுந்துச்சே?"

"விழுந்துச்சும்மா. வலியில மனுஷங்க என்னென்னவோ பேசுவாங்க. எனக்குத் தெரியாதா? உங்க அக்கா அதையெல்லாம் மனசுலயே வச்சுக்கல."

"எனக்கு வலியே இல்லைங்க" என்றாள் அவள். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத்தான் வந்தது.

அந்த அம்மாள் அவள் தோளை ஆதரவாகத் தட்டிக் கொடுத்தாள். "சீக்கிரம் சரியாயிடும்மா" என்றாள்.